நீர் போன பின் நிற்பவை: தார்ப் பாலைவனத்தின் அன்றாட வேதியியல்

ஜெய்சல்மேரின் ஆண்டுச் சராசரி மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே திறந்து கிடக்கும் நீர்ப்பரப்பிலிருந்து ஓராண்டில் ஆவியாகக்கூடிய நீர் சுமார் 2,000 மில்லிமீட்டர். வரவைப் போல் பத்து மடங்கு செலவு. தார்ப் பாலைவனத்து மக்கள் உண்பதும் குடிப்பதும் உடுப்பதும் இந்த ஒரு கணக்கிலிருந்து கிளைத்தவை என்றே சொல்வேன். நீர் ஆவியாகும்போது தான் மட்டும் போகிறது. கரைத்து வைத்திருந்த உப்புகளை விட்டுவிட்டுப் போகிறது. மழை மிகுந்த நாட்டில் ஆறுகள் கடலுக்கு அடித்துச் சென்றுவிடும் சோடியமும் சல்பேட்டும் கார்பனேட்டும் இங்கே மண்ணிலும் ஏரியிலும் செடியிலும் தங்கிச் செறிகின்றன. வேதியியல் கண்ணோடு பார்த்தால் பாலைவனம் செறிவின் நிலம்.

அந்நிலத்தின் சமையலையும் கைத்தொழிலையும் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு வழியைப் பிடிக்கிறார்கள். ஒரு சாரார் எல்லாவற்றையும் முன்னோரின் ஞானம் என்று வணங்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இன்னொரு சாரார் வறட்சியில் வேறு வழியின்றிச் செய்தவை என்று இரங்குவார்கள். இரண்டிலும் வேலையின் நுட்பம் கண்ணில் படுவதில்லை. எந்த உப்பு, எவ்வளவு, எத்தனை நாள், எந்த நிறம் கண்டதும் நிறுத்துவது என்று அறிந்து செய்த வேலை அது. சோதித்துப் பார்க்கக்கூடிய அறிவு. அதற்கு எல்லையும் உண்டு. மேற்கு ராஜஸ்தானையும் குஜராத்தின் கட்ச் பகுதியையும் எடுத்துக்கொண்டு அந்த அறிவையும் அதன் எல்லையையும் பார்க்கலாம்.

உப்பிலிருந்து தொடங்குவதே முறை. ஜெய்ப்பூருக்கு மேற்கே உள்ள சாம்பர், இந்தியாவின் மிகப் பெரிய உள்நாட்டு உப்பு ஏரி. கடலிலிருந்து இத்தனை தொலைவில் உப்பு எப்படி வந்தது என்பது பழைய கேள்வி. கோடைக் காற்று கட்ச் ரண்ணிலிருந்து உப்புத் தூளை அள்ளிவந்து சேர்க்கிறது என்று 1909-இல் ஆய்வாளர்கள் ஹாலந்தும் கிறிஸ்டியும் வாதிட்டார்கள். பின்னாளில் ஐசோடோப்புகளை அளந்து பார்த்தவர்கள், சுற்றுப்புறப் பாறைகள் சிதைந்து கரைவதும் மழைநீர் அதைக் கொண்டுவந்து சேர்ப்பதுமே போதிய காரணம் என்றார்கள். எனக்கு இரண்டாவது விளக்கமே ஏற்புடையதாகப் படுகிறது. கடல்நீரில் மக்னீசியமும் கால்சியமும் தாராளம். சாம்பர் நீரில் அவை மிகக் குறைவு; மாறாக சோடியம் கார்பனேட்டும் சோடியம் சல்பேட்டும் கலந்து காரத்தன்மையோடு இருக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் முதலில் ஜிப்சம் படியும், பிறகு உப்பு விளையும், கடைசியில் மக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் எஞ்சும். அதை வடித்துவிடாவிட்டால் உப்பு கசக்கும், ஈரம் உறிஞ்சிக் கசியும். சாம்பரில் கவலை வேறு: உப்போடு சோடாவும் சல்பேட்டும் சேர்ந்து படியாமல் நேரம் பார்த்து வாரவேண்டும். டீட்வானா ஏரியில் சல்பேட் அவ்வளவு மிகுதி என்பதால் அங்கே சோடியம் சல்பேட் எடுப்பதே ஒரு தொழிலானது. பச்பத்ராவில் குழி தோண்டி ஊறும் உவர்நீரில் முள்செடிக் கிளைகளைப் போட்டு வைப்பார்கள்; கிளை முழுக்க உப்புப் படிகம் பற்றி வளரும். படிகம் வளர ஒரு பிடிமானப் பரப்பு வேண்டும் என்பதை ஆய்வகத்தில் நூலைத் தொங்கவிட்டு மாணவர்களுக்குக் காட்டுகிறோம். அங்கே முள்கிளை அந்த வேலையைச் செய்கிறது.

உவர் மண்ணில் வளரும் செடிகள் சோடியத்தைத் தம் உடலில் சேர்த்து வைக்கும். நம் கடற்கரை உமரியும் அந்தக் குணம் கொண்டதுதான். தாரில் 'லாணா' எனப்படும் செடிகளும் அதே குடும்பம். இவற்றை வெட்டி, காயவைத்து, குழியில் எரித்தால் சாம்பல் உருகி வழிந்து, ஆறியதும் கல்லாக இறுகும். அதுதான் சஜ்ஜி: பெரும்பகுதி சோடியம் கார்பனேட். துணி வெளுக்கவும் சாயம் போடவும் கண்ணாடி உருக்கவும் அது பயன்பட்டது. வீட்டுக்குள் அது வந்தது அப்பளத்தின் வழியாக. நம் வீடுகளின் அப்பளக்காரமும் பீகானேர் பாப்படின் காரமும் ஒரே வகைப் பொருள்.

மாவில் அந்தக் காரம் செய்யும் வேலையை எண்ணிப் பார்ப்பது சுவையானது. உளுந்து, பயறு மாவின் புரதங்கள் காரத்தன்மை ஏறியதும் எதிர் மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரிகின்றன. நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால்தான் கடினமாகப் பிசைந்த மாவு கிழியாமல் தாள் போல் இழுபடுகிறது. சுடும்போது உள்ளே மிஞ்சிய கொஞ்ச ஈரம் நீராவியாகி, இளகிய மாவைப் பொரிய வைக்கிறது. புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமும் வறுத்த மணமும் உண்டாவதைக் காரம் விரைவுபடுத்துகிறது. சில நொடிகள் தணலில் காட்டினாலே அப்பளம் சிவப்பதற்கு அதுவே காரணம். காரம் கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடை அடிக்கும், நிறம் கருகும். பீகானேரின் புஜியாவுக்கு மூலப்பொருள் நரிப்பயறு மாவு. அங்கே 'மோட்' என்பார்கள். மணலில், ஓரிரு மழையில் விளையும் பயறு அது. 2010-இல் பீகானேரி புஜியாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கம்பைப் பற்றித் தமிழ் வாசகருக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. கம்பு மாவு சில நாட்களிலேயே காறிக் கசந்துபோவது ஏன்? கம்பில் கொழுப்பு சுமார் 5 சதவீதம்; கோதுமையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். முழு மணியில் கொழுப்பும் அதைச் சிதைக்கும் லைபேஸ் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. அரைத்தவுடன் இரண்டும் கலந்து, கொழுப்பு அமிலங்கள் பிரிந்து, காற்றோடு சேர்ந்து கெடுகின்றன. மார்வாட் பெண்கள் விடிகாலையில் அன்றைக்கு வேண்டிய அளவே அரைத்துக்கொண்டது இதனால்தான். எத்தனை தலைமுறைப் பெண்களின் தோள் வலி இந்த ஒரு நொதியின் கணக்கில் அடங்கியிருக்கிறது என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை. மணியை லேசாக வறுத்தோ வெந்நீரில் சிறிது நேரம் இட்டு உலர்த்தியோ அரைத்தால் லைபேஸ் செயலிழந்து, மாவு வெகுநாள் தாங்கும். உணவு ஆராய்ச்சி நிலையங்கள் அறிந்த இந்த எளிய வழி கிராம மாவு ஆலைகளுக்கு இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு வருத்தம்.

கம்பு மாவை மோரில் கரைத்து, சில மணி நேரம் வெயிலில் வைத்துப் புளிக்கவிட்டுக் காய்ச்சுவது 'ராப்டி'. நம் கம்பங்கூழின் உடன்பிறப்பு. மோரிலுள்ள லாக்டிக் பாக்டீரியாக்கள் அமிலத்தைப் பெருக்க, தானியத்தின் பைட்டேஸ் நொதி விழித்துக்கொள்கிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டி வைத்திருக்கும் பைட்டிக் அமிலத்தை உடைக்கிறது. வெயிலில் வேலை செய்து வருபவருக்கு ஒரு சொம்பு ராப்டி நீரும் உப்பும் மாவுச்சத்தும் ஒருசேரத் தருகிறது. இன்றைய வாய்வழி நீரேற்றக் கரைசலின் அடிப்படையும் அதுவே.

கேர்–சாங்ரி பற்றியும் ஒரு சொல். சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். கேஜ்ரி நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான். 1730-இல் ஜோத்பூர் அருகே கேஜட்லியில் இம்மரங்களை வெட்டவந்தவர்களைத் தடுத்து அமிர்தா தேவியும் அவரோடு பிஷ்னோய் மக்களும், மொத்தம் 363 பேர், உயிர் கொடுத்தார்கள். பஞ்சத்தில் சோறு போட்ட மரம் அது. பிஞ்சுக் காயை அவித்து உலர்த்தினால் ஆண்டுக்கணக்கில் கெடாது. கேர் காய்க்கு வேலை கூடுதல். அதன் இனத்துக்கே உரிய கந்தகச் சேர்மங்கள் பச்சையில் வாயில் வைக்க விடாத கைப்பும் காட்டமும் தருபவை. உப்பு நீரிலோ மோரிலோ பல நாள் ஊறப்போட்டு நீரை மாற்றிக்கொண்டே வந்தால், நொதிகள் சிதைத்ததில் ஒரு பகுதி நீரில் போகும், புளிப்பு ஏறும், கைப்பு அடங்கும். பிறகு வெயில். கறி சமைப்பவர்கள் கச்ரி என்ற காட்டு வெள்ளரி வகையின் உலர்பொடியைத் தடவி வைப்பது இன்னொரு நொதி வேலை. நாம் பப்பாளிக்காயால் செய்வதை அவர்கள் கச்ரியின் புரதம் சிதைக்கும் நொதியால் செய்கிறார்கள். முற்றிய ஆட்டின் கறி மெத்தென்று வேகிறது, விறகும் மிச்சம்.

ஒட்டகப் பால் தயிராக ஒழுங்காக உறைவதில்லை என்பதை ராய்க்கா மேய்ப்பர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். பால் உறைய முக்கியமான கப்பா கேசீன் என்ற புரதம் பசும்பாலைவிட அதில் மிகக் குறைவு. புரத உருண்டைகளும் பெரியவை. தயிர் தளர்வாக நீர்விட்டு நிற்கும். கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைநொதியும் அதில் சரியாக வேலை செய்யாது. ஒட்டகத்தின் உறைநொதியே அதற்குப் பொருந்தும். எனவே பாலாகவே குடித்தார்கள், தேநீரில் ஊற்றினார்கள், பாயசம் வைத்தார்கள். பசும்பாலைவிடப் பல மடங்கு வைட்டமின் சி அதில் உண்டு. காய்கறி அரிதான நாட்டில் இது சிறிய செய்தியன்று. கட்ச்சின் ஒட்டகப் பால் 2019-இல் அமுல் பெயரில் புட்டியில் விற்பனைக்கு வந்தது. பால் விற்பதையே தவிர்த்துவந்த மேய்ப்பர்களுக்கு அது புதிய வருவாய். ஒட்டகங்களின் எண்ணிக்கை சரிந்துவரும் நேரத்தில் நான் அதை மனமார வரவேற்கிறேன்.

மண்பானைக்கு ஒரு கணக்கு மட்டும் சொல்லி நகர்கிறேன். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, கிராமுக்குச் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் பானை எவ்வளவு குளிரும் என்பதைக் காற்றின் ஈரம்தான் முடிவு செய்யும். 42 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 15 சதவீதமாக இருந்தால் நீர் ஏறக்குறைய 22 டிகிரி வரை இறங்கக்கூடும். சென்னையில் 38 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம் என்றால் 30 டிகிரிக்குக் கீழே போக இயலாது. ஒரே குயவர் வனைந்த பானை என்றாலும் பார்மேரில் பல் கூசும், மயிலாப்பூரில் வெறுமனே இதமாக இருக்கும்.

இனி அஜ்ரக். தாரின் வேதியியல் முழுவதையும் ஒரு முழத் துணியில் காட்டவேண்டும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். கருநீலமும் சிவப்பும் கறுப்பும் வெள்ளையும் கலந்து, அச்சுக்கட்டையால் பதிக்கும் துணி; கட்ச், பார்மேர், எல்லைக்கு அப்பால் சிந்து ஆகிய இடங்களில் கத்ரி குடும்பங்கள் செய்வது. முதல் வேலை துணியைப் பக்குவப்படுத்துவது. சோடா, ஆமணக்கெண்ணெய், ஒட்டகச் சாணம் கலந்த நீரில் தோய்த்து, வைத்து, வெயிலில் அரைகுறையாக உலர்த்தி, மீண்டும் தோய்ப்பார்கள். இது பலமுறை நடக்கும். எப்போது போதும்? துணியின் ஓரத்தைக் கசக்கினால் நுரை வரவேண்டும். எண்ணெயும் காரமும் வினைபுரிந்து நூலின் மீதே சோப்பு உருவாகிவிட்டது என்பதற்கு அந்த நுரை சாட்சி. வினை முடிந்ததா என்று கண்ணால் அறியும் சோதனை, எந்த ஆய்வகமும் ஏற்கும் சோதனை.

அடுத்து கடுக்காய் நீர். துணி வெளிர்மஞ்சளாகும், கடுக்காயின் டானின் பருத்தி நூலில் ஏறிப் பிடித்துக்கொள்ளும். வெள்ளையாக நிற்கவேண்டிய கோடுகளைச் சுண்ணாம்பும் கருவேலம் பிசினும் குழைத்து அச்சிட்டு மூடுவார்கள். கறுப்புக்கு, பழைய இரும்புத் துண்டுகளை வெல்லமும் கடலை மாவும் கலந்த நீரில் போட்டு வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். வெல்லம் புளித்து முதலில் சாராயமும் பிறகு அசிட்டிக் முதலிய அமிலங்களும் ஆக, அவை இரும்பைக் கரைக்கும். மேலே மஞ்சள் நுரை கட்டினால் சாறு தயார். அதைப் புளியங்கொட்டை மாவால் கெட்டியாக்கி அச்சிட்டால், இரும்பு கடுக்காய் டானினைச் சந்தித்துக் காற்றில் கன்னங்கறுப்பாகும். பழங்கால எழுத்து மை கறுத்ததும் இதே வினையால்தான்.

சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரம் பதிப்பார்கள். அலிசரின் என்ற சாயம் தனியாகப் பருத்தியில் ஒட்டாது. படிகாரத்தின் அலுமினியம் இரு கையாலும் நூலையும் சாயத்தையும் பிடித்துக் கொள்கிறது. அந்தப் பிடிப்பு உறுதியாவதற்குக் கால்சியமும் வேண்டும். மென்னீரில் மங்கலாக வரும் சிவப்பு, கடினநீரில் எரியும் தணலாக வருவது இதனால். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீர் சோப்புக்கு எதிரி, சாயக்காரருக்கு நண்பன். சோழமண்டலக் கரைச் சாயவேரின் சிவப்பும் இதே அலிசரின்தான் என்பதால் இந்தக் கணக்கு நம் ஊர்ச் சாயக்காரர்களுக்கும் பழக்கமானது. நீலம் இதற்கு நேர்மாறான வழியில் வருகிறது. அவுரி நீலம் நீரில் கரையாது. சுண்ணாம்பிட்ட காரத் தொட்டியில் வெல்லமும் விதைகளும் புளிக்க, பாக்டீரியாக்கள் பிராணவாயுவை உறிஞ்சி நீலத்தை ஒடுக்கி, கரையும் மஞ்சள்பச்சை வடிவமாக்கும். அதில் முக்கி எடுத்த துணி பச்சையாக வெளியே வந்து, காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். நூலுக்குள்ளேயே கரையாத நீலம் சிறைப்படும்.

வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மானும் 1868-இல் அலிசரினைச் செயற்கையாகச் செய்தார்கள்; 1897-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று பல பட்டறைகளில் ஆலையில் செய்த அலிசரினும் உண்டு. இதைக் கலப்படம் என்று பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூலக்கூறு ஒன்றுதான், படிகாரமும் கடுக்காயும் செய்யும் வேலையும் ஒன்றுதான். வேரிலிருந்து வரும் சாயத்தில் பர்பூரின் போன்ற துணைச் சாயங்களும் சேர்ந்து நிறம் ஆழம் கொள்கிறது என்பது உண்மை. அந்த அழகுக்காக வேரைத் தேடுவது நியாயம். ஆலைச் சாயம் போட்டவரின் திறமையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

நீர்தான் இந்தத் தொழிலின் கணக்குப் பதிவேடு என்பதை 2001 ஜனவரி 26-ஆம் தேதி கட்ச்சில் நேர்ந்த நிலநடுக்கம் காட்டிவிட்டது. சாரண் ஆற்றங்கரையில் இருந்த தமட்கா, தலைமுறைகளாக அஜ்ரக் ஊர். நிலநடுக்கத்துக்குப் பிறகு நிலத்தடி நீர் இறங்கியது, அதில் இரும்பு ஏறியது. இரும்பு கலந்த நீரில் கடுக்காய்த் துணியை அலசினால் என்ன ஆகும்? வெள்ளைக் கோடெல்லாம் சாம்பல் பூக்கும், சிவப்பு பழுப்பேறும். கறுப்பை வேண்டிய இடத்தில் தரும் அதே வினை வேண்டாத இடமெங்கும் நடக்கும். குடும்பங்கள் பல புஜ்ஜுக்கு அருகே நல்ல நீர் தேடி அஜ்ரக்பூர் என்ற புது ஊரையே அமைத்துக்கொண்டன. அம்முயற்சியில் முன்னின்ற இஸ்மாயில் முகம்மது கத்ரிக்கு இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. வீடும் கிணறும் இடிந்த நாளில் நீரின் இரும்பைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதர்களை நினைத்தால் பெருமிதமாக இருக்கிறது.

கட்ச்சின் நிரோணா ஊரில் ரோகன் ஓவியம் வரைகிறார்கள். ஆமணக்கெண்ணெய் எத்தனை நாள் வைத்தாலும் உலராத எண்ணெய். ஆனால் இரண்டு நாள் விடாமல் காய்ச்சினால் அதன் ரிசினோலிக் அமிலம் நீரை இழந்து அடுத்தடுத்த இரட்டைப் பிணைப்புகள் கொண்டதாகிறது. மூலக்கூறுகள் கைகோத்துப் பிசினாகின்றன. அந்தப் பிசினில் வண்ணம் குழைத்துக் கம்பி நுனியால் இழையாக இழுத்துத் துணியில் விடுவார்கள். தோல் பதனிடுதலில் நமக்கு இன்னும் நெருங்கிய உறவு இருக்கிறது: மார்வாட்டில் பட்டை உரிக்கும் 'ஆன்வல்' செடி நம் ஆவாரை. அதன் டானின் தோலின் கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைத்து அழுகாமல் காக்கும். திண்டுக்கல்லிலும் வாணியம்பாடியிலும் ஒருகாலத்தில் தோல் பழுத்தது அதே பட்டையில்தான். ஷேகாவாட்டி மாளிகைகளின் பளிங்கு போன்ற சுவர்ப்பூச்சில் நெடுநாள் ஊறிய சுண்ணாம்பும் பளிங்குத் தூளும் தயிரும் சேர, செட்டிநாட்டில் சுண்ணாம்போடு கடுக்காயும் முட்டை வெண்கருவும் சேர்ந்தன. இரண்டு இடத்திலும் சுவர் காற்றின் கரியமில வாயுவை உண்டு மெல்ல மெல்லச் சுண்ணாம்புக்கல்லாகத் திரும்புகிறது.

குடிநீருக்கு வருவோம், எல்லை தெரியும் இடம் இதுதான். சூரு, பீகானேர், ஜெய்சல்மேர், பார்மேர் பகுதிகளில் மணலுக்குச் சில மீட்டர் கீழே ஜிப்சமோ இறுகிய களிமண்ணோ அடுக்காக ஓடுகிறது. அதற்குக் கீழே உள்ளது உவர்நீர். மழைநீர் அந்த அடுக்கைத் தாண்ட முடியாமல் மணலில் ஈரமாகத் தங்கும். குறுகிய கிணறு தோண்டினால் சொட்டுச் சொட்டாக ஊறும் நன்னீர் கிடைக்கும். சூழலியலாளர் அனுபம் மிஷ்ரா தம் நூலில் இதை மழைநீர், பாதாளநீர் ஆகியவற்றிலிருந்து வேறான மூன்றாம் நீராக விவரித்தார். அடுக்கைத் துளைத்துவிடக் கூடாது என்பது தோண்டுபவர்களின் முதல் விதி. இந்திரா காந்தி கால்வாய் வந்தபோது அதே அடுக்கு வேறு முகம் காட்டியது. அளவின்றிப் பாய்ச்சிய நீர் கீழே இறங்க வழியின்றித் தேங்கி, நுண்துளை வழியே மேலேறி, ஆவியாகி, நிலத்தை உப்புப் பூக்க வைத்தது. கிணறு தோண்டியவர்கள் அறிந்திருந்ததைக் கால்வாய் வெட்டியவர்கள் கேட்டிருக்கலாம்.

ஆனால் கிணறு தோண்டியவர்களும் அறிய முடியாத ஒன்று உண்டு. நாக்கு உப்பைக் காட்டும், கைப்பைக் காட்டும், இரும்பைக்கூடக் காட்டும், ஃபுளோரைடைக் காட்டாது. ஆழ்துளைக் கிணறுகள் பரவியபோது நாகௌர் உள்ளிட்ட மாவட்டங்களில் பல் கறைபட்ட பிள்ளைகளும் முதுகு வளைந்த பெரியவர்களும் பெருகினார்கள். நீரில் கால்சியம் இருந்தால் ஃபுளோரைடு அதோடு சேர்ந்து கரையாப் பொருளாகப் படிந்து, அளவு மட்டுப்படும். சாம்பர் ஏரியைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கும்: இந்நிலத்தின் நீர் பல இடங்களில் சோடா மிகுந்து கால்சியம் குறைந்தது. அப்பளத்துக்கும் வெளுப்புக்கும் உதவும் அதே காரத்தன்மை ஃபுளோரைடைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. கொடுமை என்னவென்றால், கால்சியம் குறைந்த நீர் நாக்குக்கு மென்மையாக, நல்ல நீராகவே படும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, மாற்று நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை, பல கிணறுகளில் அதையும் தாண்டுகிறது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் இந்த நோயை அறிவார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான்.

மருந்து சாயப்பட்டறையிலேயே இருந்தது. அலிசரினைப் பிடித்த படிகாரம் ஃபுளோரைடையும் பிடிக்கும்: படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கித் தெளியவைத்தால் அலுமினிய வண்டலோடு ஃபுளோரைடு இறங்கிவிடும். நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறை இதுதான். இடைவிடாத கவனம் தேவைப்படுவதால் அது பல ஊர்களில் நிலைக்கவில்லை. கூரையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் மழைநீரைச் சேர்க்கும் நிலத்தடித் தொட்டியான தாங்காவின் நீரில் ஃபுளோரைடு கிட்டத்தட்ட இல்லை. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் தாங்கா நீர், குளிப்பதற்கும் மாட்டுக்கும் ஆழ்கிணற்று நீர் என்று பிரித்துக்கொண்டால் பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும். அப்படிப் பிரிக்க வேண்டுமானால் எந்த நீரில் என்ன இருக்கிறது என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ஒவ்வொரு ஆழ்கிணற்றின் மேடையிலும் ஃபுளோரைடு அளவை ஆண்டுதோறும் அளந்து, எழுத்தறியாதவர்க்கும் விளங்கும்படி சிவப்பாகவோ பச்சையாகவோ வண்ணம் பூசி வைப்பதற்கு அரசு இன்னும் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.